போட்டோவில் இருக்கும் தாடை யாருடையது?

எங்கள் அப்பா திருவல்லிக்கேணியில் சின்னதாக ஒரு போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். 1986 என்று நினைவு. ஒரு மத்தியான வேளையில், சாப்பிட ஷட்டரைப் பாதி இறக்கிய நேரம் பார்த்து, ஸ்டேஷனிலிருந்து ஏட்டு ஒருவர் குனிந்து உள்ளே வந்தார். கையில் ஒரு பழுப்பு உறை, அதற்குள் ஒரு பாஸ்போர்ட் சைஸ் படம்.

“அண்ணே, பின்னாடி உங்க சீல் இருக்கு. இதோட நெகட்டிவ் வேணும். மண்டை ஓட்டோட வெச்சுப் பாக்கணுமாம்.”

அப்பா படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். “தர்றேன் ஏட்டு சார். ஆனா ஒண்ணு எழுதிக்கங்க. இதுல இருக்குற தாடை அந்தாளோடது இல்ல. நான் போட்டது.”

ஏட்டுக்குப் புரியவில்லை, எனக்கும் அப்போது புரியவில்லை. மண்டையோட்டையும் புகைப்படத்தையும் வைத்து ஆளை அடையாளம் காண்பது பற்றி அப்புறம் தேடித் தேடிப் படித்ததற்கு அந்த ஒரு வரிதான் காரணம். ‘எலும்புக்கூடு மீட்பு, சூப்பர் இம்போசிஷன் சோதனையில் பொருந்தியது’ என்று பேப்பரில் செய்தி வரும்போதெல்லாம் எல்லாரும் மண்டையோட்டைத்தான் நினைத்துக்கொள்கிறார்கள். எனக்கு அந்தப் பக்கம் பெரிய சந்தேகம் இல்லை. எலும்பு பாவம், அது பாட்டுக்கு அப்படியேதான் இருக்கிறது. சந்தேகமெல்லாம் போட்டோ மேல்தான். ‘பொருந்தியது’ என்ற சொல்லுக்கு நாம் கொடுக்கும் எடையும் கொஞ்சம் அதிகம் என்றே படுகிறது.

முதலில் அந்தச் சோதனை என்ன என்று பார்த்துவிடலாம். மண்ணிலோ கிணற்றிலோ புதரிலோ எலும்புகள் கிடைக்கின்றன. மனித எலும்புதானா, ஆணா பெண்ணா, சுமாராக என்ன வயது என்பதையெல்லாம் தடயவியல் மருத்துவர்கள் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். இடுப்பெலும்பு இருந்தால் பால் சொல்வது சுலபம். வயதுக்குப் பல்லும் மண்டையோட்டு இணைப்புக் கோடுகளும் எலும்பு முனைகளும் உதவும். இவ்வளவு தெரிந்தாலும் ‘முப்பது வயதை ஒட்டிய ஆண்’ என்பதோடு நின்றுவிடும். அந்த வயதில் காணாமல் போன ஆண்கள் எத்தனையோ பேர். அவர்களில் ஒருவர் இவர் என்று போலீஸுக்குச் சந்தேகம் இருந்தால், வீட்டுக்குப் போய் ஒரு படம் வாங்கி வருவார்கள். அந்தப் படத்தை நிஜ முகத்தின் அளவுக்குப் பெரிதாக்கி, மண்டையோட்டை அதே கோணத்தில், அதே சாய்வில் நிறுத்திப் படமெடுத்து, ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்ப்பார்கள். எலும்பு முகத்துக்குள் அடங்குகிறதா, புள்ளிக்குப் புள்ளி சரியாக உட்காருகிறதா என்பதுதான் கேள்வி.

நெகட்டிவ் காலத்தில் இதை இரண்டு நெகட்டிவ்களை அடுக்கி என்லார்ஜரில் செய்தார்கள். வீடியோ கேமரா வந்ததும் வேலை சுலபமானது. ஒரு கேமரா படத்தைப் பார்க்கும், இன்னொன்று மண்டையோட்டைப் பார்க்கும், நடுவில் இரண்டு படத்தையும் ஒரே திரையில் கலந்து காட்டும் மிக்ஸர் கருவி. கல்யாண வீடியோவில் மாப்பிள்ளை முகம் மெல்ல மறைந்து பெண் முகம் வருமே, அதே சமாச்சாரம்தான், இங்கே முகம் மெல்லக் கரைந்து எலும்பாகும். பாதி முகம், பாதி எலும்பு என்று குறுக்கிலும் நெடுக்கிலும் வெட்டி நகர்த்தியும் பார்க்கலாம். இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில். கருவி எத்தனை மாறினாலும் கேள்வி அதேதான்.

உட்கார்ந்து பார்ப்பவர் எதையெல்லாம் பார்க்கிறார் என்பதில்தான் சுவாரசியம் இருக்கிறது. தனியாகக் கிடைக்கும் கீழ்த்தாடையை முதலில் மேலே பொருத்த வேண்டும். உயிரோடு இருந்தபோது மூட்டில் ஒரு மெல்லிய குருத்தெலும்புத் தட்டு இருந்திருக்கும், அது மக்கிப் போயிருக்கும், அதற்குப் பதிலாக அந்தத் தடிமனுக்கு மெழுகோ வேறெதுவோ வைத்தால்தான் தாடை சரியான இடத்தில் நிற்கும். படத்தில் ஆள் வாயைச் சற்றுத் திறந்து சிரிக்கிறார் என்றால் தாடையையும் அவ்வளவு இறக்க வேண்டும். பிறகு மண்டையோட்டை இடம் வலம், மேல் கீழ் என்று திருப்பக்கூடிய தாங்கியில் வைத்து, படத்திலுள்ள தலையின் சாய்வு வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவார்கள். அரை விரற்கடை தவறினால் மூக்கு நுனி ஒரு பக்கம், காது ஒரு பக்கம் என்று போய்விடும்.

சரி, நிறுத்தியாகிவிட்டது. இப்போது ஒவ்வொன்றாக. கண்கள் குழிக்குள் சரியான உயரத்தில் விழுகின்றனவா? கண்ணின் வெளிமூலை ஒட்டிக்கொள்ளும் சின்ன எலும்பு மேடு ஒன்று குழியின் வெளிச்சுவரில் இருக்கும், விரலால் தடவினால் தட்டுப்படும், அது கண்முனையோடு ஒத்துப்போகிறதா? புருவம் குழியின் மேல்விளிம்பை ஒட்டிப் போகிறதா? எலும்பில் மூக்குக்கான துளை படத்தில் தெரியும் மூக்கைவிடக் குறுகலாகத்தான் இருக்கும். அந்தத் துளை மூக்குக்கு நடுவில் உட்காருகிறதா, ஒரு பக்கம் ஒதுங்கி நிற்கிறதா? காதுத்துளை படத்தில் காதின் முன்மடலை ஒட்டி வருகிறதா? கடைசியில் ஓரம். எலும்புக்கும் தோலுக்கும் நடுவே சதை இருக்கிறதல்லவா, நெற்றியில் சுமார் 5 மி.மீ., முகவாயில் 10 மி.மீ. சொச்சம், கன்னத்தில் 20-ஐத் தாண்டும், ஆளுக்கு ஆள் மாறும். அந்த இடைவெளி எல்லாப் பக்கமும் நம்பும்படியாக இருக்க வேண்டும். எலும்பு எங்காவது தோலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் முடிந்தது கதை. எவ்வளவு இளைத்த ஆளுக்கும் எலும்பு தோலுக்கு வெளியே இருக்காது.

இதில்தான் விஷயத்தின் முடிச்சு இருக்கிறது. இந்தச் சோதனை ‘இவர் இல்லை’ என்று சொல்லும்போது கறாராகச் சொல்கிறது. ‘இவர்தான்’ என்று சொல்லும்போது அவ்வளவு கறார் கிடையாது. ஒரு செருப்பு என் காலில் நுழையவே மாட்டேன் என்றால் அது என் செருப்பில்லை. நுழைந்துவிட்டால் அது என்னுடையதுதான் என்று ஆகிவிடாது, கோயில் வாசலில் எத்தனை பேருக்கு ஒன்பதாம் நம்பர்.

உலகமே பேசிய முதல் பெரிய வழக்கைப் பார்த்தாலும் இது தெரியும். 1935 செப்டம்பர் 29, ஸ்காட்லாந்தில் மொஃபட் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு ஓடைப் பாலத்துக்குக் கீழே பொட்டலம் பொட்டலமாக மனித உடல் பாகங்கள் கிடந்தன. இரண்டு பெண்கள். கண், காது, மூக்கு, உதடு, விரல் நுனி என்று அடையாளம் சொல்லக்கூடியதையெல்லாம் யாரோ விஷயம் தெரிந்தவர் கத்தி வைத்து நீக்கியிருந்தார். அது நம்ம ஊர் சம்பந்தமும் உள்ள வழக்குதான். குற்றவாளி என்று தீர்ப்பான பக் ரக்ஸ்டன், பம்பாயில் பிறந்த பார்சி டாக்டர், பெயரை மாற்றிக்கொண்டு இங்கிலாந்தின் லங்காஸ்டரில் தொழில் நடத்தி வந்தவர். கொலையானவர்கள் அவர் மனைவியும் வீட்டு வேலைக்காரப் பெண்ணும். உடலைச் சுற்றியிருந்த செய்தித்தாள், லங்காஸ்டர் வட்டாரத்துக்கு மட்டும் அச்சடித்து விற்ற பதிப்பு என்று கண்டுபிடித்ததுதான் போலீஸுக்கு வழி காட்டியது. ஆனால் எந்தத் தலை யாருடையது? கிளாஸ்கோவைச் சேர்ந்த ஜான் கிளைஸ்டரும் எடின்பரோவைச் சேர்ந்த உடற்கூறியல் பேராசிரியர் பிராஷும் இரண்டு மண்டையோடுகளையும் இரண்டு பெண்களின் படங்களோடும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். மனைவியின் படத்தில் அவர் தலையில் ஒரு டியாரா இருந்தது. அந்த அணியின் நிஜ அளவை வைத்து, படத்தை எவ்வளவு பெரிதாக்க வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள்.

கவனிக்க வேண்டியது, மாற்றி மாற்றி வைத்துப் பார்த்ததைத்தான். ஒரு மண்டையோடு மனைவியின் முகத்துக்குப் பொருந்தவே இல்லை, மற்றது பொருந்தியது. வேலைக்காரப் பெண்ணின் படத்தில் நேர் எதிர். யார் யாராக இருக்கவே முடியாது என்று ஒதுக்கியதில்தான் அந்த ஆதாரத்தின் பலம் இருந்தது. அதுகூடத் தனியாக நிற்கவில்லை, செய்தித்தாள், வீட்டுக் குளியலறையின் ரத்தக்கறை, பல், பாதத்தின் அளவு என்று எல்லாம் சேர்ந்துதான் 1936 மே மாதம் ரக்ஸ்டனைத் தூக்கு மேடைக்குக் கொண்டுபோயின.

சென்னைக்கு வருவோம். இந்த ஊருக்குத் தலை சம்பந்தப்பட்ட வழக்குகளுக்குப் பஞ்சமில்லை. 1952-ல் ஆளவந்தார் வழக்கு, நம் தாத்தா காலத்து ஆட்கள் நேற்று நடந்த மாதிரிச் சொல்வார்கள். உடல் ட்ரங்க் பெட்டியில் ரயிலேறி மானாமதுரை வரை போனது, தலை ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. ஆனால் அங்கே எலும்போடு போட்டோ வைத்துப் பார்க்க வேண்டிய அவசியம் வரவில்லை, தலையில் முகம் மிச்சமிருந்தது, காதுத்துளையையும் பல்லையும் வைத்துக் குடும்பத்தார் அடையாளம் சொன்னார்கள், ராணுவத்தில் இருந்தபோது எடுத்த கைரேகையும் ஒத்துப்போனது. முகம் போய்விட்டால்தான் நம் விஷயம் ஆரம்பிக்கிறது.

ஆய்வகம் என்று பார்த்தால் மெட்ராஸ் ரொம்பவே பழைய ஊர். விஷம் பரிசோதிக்க 1849-லேயே இங்கே வேதிப் பரிசோதகர் ஆய்வகம் வந்துவிட்டது. அந்த வழியில் வந்ததுதான் இன்றைக்கு மயிலாப்பூரில் காமராஜர் சாலையில் இருக்கும் தடய அறிவியல் துறை. கடற்கரைக்கு வாக்கிங் போகிறவர்கள் தினமும் அந்தப் பக்கமாகத்தான் போகிறார்கள், உள்ளே என்ன நடக்கிறது என்று நினைப்பதில்லை. அதன் இயக்குநராக இருந்த பி. சந்திரசேகரனை 1991-ல் ராஜீவ் கொலை வழக்கில் பெல்ட் வெடிகுண்டை விளக்கியவர் என்றுதான் பலருக்கும் தெரியும். அதற்கு 20 வருஷம் முன்பே, 1971-ல், மண்டையோட்டைப் படத்தோடு பொருத்துவதற்குத் திருத்திய முறை ஒன்றை எழுதி அமெரிக்க ஆய்விதழில் வெளியிட்டவர் அவர். மண்டையோட்டை எப்படி நிறுத்துவது என்ற அந்தச் சின்ன, எரிச்சலூட்டும், முக்கியமான பிரச்சினைக்கு நிறைய நேரம் கொடுத்தவர். 2000-ல் பத்ம பூஷண் கொடுத்தார்கள். அவருக்குப் பின்னும் இந்தத் துறையில் இருந்தவர்கள் வேலையை விடவில்லை. பி.டி. ஜெயப்பிரகாஷும் உடனிருந்தவர்களும் 2001-ல் ஒரு கட்டுரை போட்டார்கள். சும்மா ஓரம் பொருந்துகிறதா என்று பார்த்தால் போதாது, முகத்தின் ஒவ்வொரு பாகத்தின் வடிவத்தையும் எலும்பின் வடிவத்தோடு தனித்தனியாக ஒப்பிட வேண்டும் என்பது அதன் சாரம். நான் மேலே சொன்ன ‘ஒவ்வொன்றாக’ என்பதை அவர்கள் அளவுக்கு வலியுறுத்தியவர்கள் குறைவு.

ஊர் முழுக்க இந்தச் சோதனையின் பெயரைத் தெரிந்துகொண்டது ஆட்டோ சங்கர் வழக்கில்தான். 1988-ல் திருவான்மியூர்ப் பக்கம் தோண்டத் தோண்ட வந்த உடல்கள், அவற்றை அடையாளம் காண மண்டையோடுகளைப் படங்களோடு ஒப்பிட்டது, 1994-ல் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தது, 1995 ஏப்ரலில் சேலம் சிறையில் தூக்கு. அடுத்த வருஷமே இன்னொன்று, அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் கொலை. பெயர் சொல்லாமலே எல்லாருக்கும் தெரியும். தலையில்லாத உடல் சென்னையில் மாநகரப் பேருந்துக்குள், தலை சிதம்பரத்தில் நீரில். அதில் டி.என்.ஏ.வும் சேர்ந்துகொண்டது. இந்த வழக்குகளுக்கு அப்புறம் ‘சூப்பர் இம்போசிஷன்’ என்பது டீக்கடை வார்த்தையாகிவிட்டது. அதோடு சேர்த்து, அது தப்பே பண்ணாது என்ற நம்பிக்கையும்.

எண்ணிக்கையில் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் ஆஸ்டின் ஸ்மித்தும் வில்லியம் மேப்பிள்ஸும் 1994-ல் வெளியிட்ட ஆய்வு. யாருடையது என்று தெரிந்த மூன்று மண்டையோடுகளை எடுத்துக்கொண்டு, சம்பந்தமே இல்லாத ஆட்களின் படங்களோடு, பக்கவாட்டில் 97, நேர்முகத்தில் 98, வைத்துப் பார்த்தார்கள். பக்கவாட்டுப் படத்தில் 9.6 சதவீதம், நேர்முகப் படத்தில் 8.5 சதவீதம் தவறாகப் ‘பொருந்தின’. அதாவது யாரோ ஒருவரின் படத்தைக் கொடுத்தாலும் பத்துப் பன்னிரண்டில் ஒன்று பொருந்துவது போல் தோன்றும். ஆனால் ஒரே ஆளின் நேர்முகம், பக்கவாட்டு இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் தவறு 0.6 சதவீதமாக இறங்கிவிட்டது. ஒரே ஒரு கூடுதல் போட்டோவுக்கு இவ்வளவு வித்தியாசம்.

நம் வீடுகளை நினைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் யார் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள்? ரேஷன் கார்டு, வோட்டர் ஐடி, ஆதார், எல்லாம் நேரே பார்த்து முறைத்தபடி. அதிலும் பழைய ஆட்கள் படத்தில் சிரிக்கவே மாட்டார்கள். கேமரா முன்னால் பல்லைக் காட்டக் கூடாது என்று ஒரு தலைமுறையே வளர்ந்தது. இந்தச் சோதனைக்குப் பல்லைவிடப் பெரிய சாட்சி இல்லை. எத்துப்பல், இடைவெளி, ஒன்றின்மேல் ஒன்று ஏறிய பல், உடைந்த முனை, இவையெல்லாம் சதை மூடாத எலும்பு மாதிரி, படத்திலும் மண்டையோட்டிலும் ஒரே பொருள் நேரடியாகத் தெரியும். மற்றதையெல்லாம் சதையைக் கழித்து யூகிக்க வேண்டியிருக்கிறது, பல்லுக்கு யூகம் வேண்டாம். என்னைக் கேட்டால், போலீஸ் வீட்டுக்குப் படம் கேட்டு வரும்போது பீரோவிலிருந்து பாஸ்போர்ட் படத்தை எடுத்து நீட்டாமல், கல்யாண ஆல்பத்தைத் தூக்கிக் கொடுக்கச் சொல்வேன். தாலி கட்டும்போது திரும்பிய முகம், மெட்டி போடக் குனிந்த முகம், பந்தியில் வாயில் அப்பளத்தோடு மாட்டிக்கொண்டு சிரித்த முகம். அந்த ஆளின் தலை எல்லாக் கோணத்திலும் அதில் இருக்கும், மாப்பிள்ளையாக இல்லாமல் ஓரத்தில் நின்ற மாமாவாக இருந்தாலும்கூட.

இப்போது அப்பாவின் வரிக்கு வருகிறேன், ‘தாடை நான் போட்டது’.

அந்தக் கால ஸ்டுடியோவில் நெகட்டிவைக் கழுவிக் காயவைத்ததும் அப்படியே பிரிண்ட் போட மாட்டார்கள். டச்-அப் என்று ஒன்று உண்டு. அப்பாவிடம் சாய்வு மேசை மாதிரி ஒரு சின்னப் பெட்டி, நடுவில் பால் கண்ணாடி, பின்னால் பல்பு. அதன்மேல் நெகட்டிவை வைத்து, ஊசி மாதிரி சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாக வைப்பார். நெகட்டிவில் கறுப்பு ஏறினால் பிரிண்டில் வெளுக்கும். கண்ணுக்குக் கீழே உள்ள குழி, நெற்றிச் சுருக்கம், அம்மைத் தழும்பு எல்லாம் இப்படி மறையும். அப்போது அம்மைத் தழும்பு உள்ளவர்கள் எவ்வளவு பேர் என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. இது பரவாயில்லை, தோல் மேல் வேலை, எலும்புக்கு வராது. இன்னொரு வேலை கத்தி. மெல்லிய கத்தி முனையால் நெகட்டிவின் பூச்சைச் சுரண்டினால் அந்த இடம் பிரிண்டில் கறுக்கும். பின்திரை கறுப்பாக இருக்கும் படத்தில் தாடை ஓரத்தில் நூலளவு சுரண்டினால் போதும், அந்த ஓரம் திரையோடு கரைந்து, சதுரத் தாடை முட்டை வடிவத் தாடை ஆகிவிடும். பெண் பார்க்க அனுப்பும் படம் என்றால் கேட்கவே வேண்டாம்.

அந்த ஏட்டு கொண்டுவந்த படத்தில் அதுதான் நடந்திருந்தது. அந்த ஆள் மாப்பிள்ளைப் படத்துக்காக வந்தவர், தாடை அகலம், ‘கொஞ்சம் பார்த்துப் பண்ணுங்க’ என்று சொல்லிவிட்டுப் போனவர். சுரண்டிய நெகட்டிவையும் மண்டையோட்டையும் வைத்தால் என்ன ஆகும்? தாடைக் கோணத்தில் எலும்பு தோலுக்கு வெளியே நீட்டும். அதாவது, இந்தச் சோதனை கறாராகச் சொல்லும் என்று மேலே சொன்னேனே, அந்த ‘இவர் இல்லை’, அதுவே தப்பாக வந்துவிடும். பிரிண்டுக்குப் பதில் நெகட்டிவைக் கேட்டு ஆள் அனுப்பியவர்கள் விஷயம் தெரிந்தவர்கள். கண்ணாடியில் வைத்துச் சாய்த்தால் பென்சில் பளபளக்கும், சுரண்டல் பள்ளமாகத் தெரியும்.

இன்றைக்கு அந்தக் கத்தியும் பென்சிலும் எல்லார் கையிலும் இருக்கின்றன. போனில் படம் எடுக்கும்போதே தாடை ஒடுங்குகிறது, கண் பெரிதாகிறது, சில போன்களில் நாம் கேட்காமலே. அதோடு தூரம். ஸ்டுடியோவில் ஆளுக்கும் கேமராவுக்கும் ஆறேழு அடி இருக்கும், முகம் முகமாக விழும். செல்ஃபி ஒரு கை நீளம். அருகில் இருக்கும் மூக்கு பெருத்து, தள்ளியிருக்கும் காது கன்னத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். இது தவறான படம் என்று சொல்லவில்லை, ஆனால் மண்டையோட்டையும் அதே கை நீளத்தில் வைத்து எடுத்தால்தான் ஒப்பிட முடியும். எவ்வளவு தூரத்தில் எடுத்தது என்று யார் சொல்வது, எடுத்தவரே காணாமல் போனவர். அளவும் ஒரு தலைவலி. ரக்ஸ்டன் வழக்கில் டியாரா இருந்தது. சட்டைப் பொத்தானோ மூக்குக் கண்ணாடியோ, நிஜப் பொருள் வீட்டில் இருந்தால் அதை அளந்து கணக்கிடலாம். ஒன்றுமே இல்லாவிட்டால் படத்தைப் பெரிதாக்கிச் சிறிதாக்கி மண்டையோட்டோடு சேரும்படி வைத்துக்கொள்வது ஒன்றுதான் வழி. அப்போது பெரிய தலை, சின்னத் தலை என்ற வித்தியாசமே போய்விடுகிறது, மிஞ்சுவது விகிதம் மட்டும்.

எனக்கு இதையெல்லாம்விட உறுத்துவது வேறு ஒன்று. ஆய்வகத்துக்கு ஒரு மண்டையோடும் ஒரு படமும் போனால், இவர் அவர்தானா என்ற கேள்வியும் கூடவே போகிறது. உட்கார்ந்து நகர்த்துபவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், பொருந்தும்வரை நகர்த்துவதும் சரியான கோணத்துக்காக நகர்த்துவதும் கைக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். சந்தேக நபரைச் சாட்சிக்குக் காட்டும்போது சும்மா ஒருவரை மட்டும் நிறுத்திக் கேட்பதில்லையே, வேறு ஆட்களோடு கலந்து அடையாள அணிவகுப்பு நடத்துகிறோம். போட்டோவுக்கும் அப்படி ஐந்தாறு பேர் படத்தைக் கலந்து, எது யாருடையது என்று சொல்லாமல் அனுப்பினால் என்ன? ஆராய்ச்சியில் அப்படித்தான் சோதிக்கிறார்கள். வழக்கிலும் செய்தால் ‘பொருந்தியது’ என்ற சொல்லுக்கு நிஜமாகவே எடை வரும்.

நீதிமன்றங்கள் இதில் நம்மைவிட நிதானமாகத்தான் இருக்கின்றன. குளத்திலிருந்து எடுத்த எலும்புக்கூட்டின் மேல் படத்தைப் பொருத்தியது சாட்சியமாக ஏற்கத்தக்கது என்று உச்ச நீதிமன்றம் 1963-லேயே ஒரு மேற்கு வங்க வழக்கில் சொல்லிவிட்டது. அடையாளத்தை நிறுவ உதவும் உண்மை என்ற வகையில் சாட்சியச் சட்டத்தின் 9-வது பிரிவில் அதைச் சேர்த்தார்கள். புதிய சட்டத்தில் அது 7-வது பிரிவு. ஏற்கத்தக்கது என்பது வேறு, அதை மட்டும் வைத்துத் தண்டிக்கலாம் என்பது வேறு. 2022-ல் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு கொலை வழக்கில், உடலை அடையாளம் காண நம்பத்தக்க வேறு மருத்துவச் சான்று எதுவும் இல்லாதபோது இந்தச் சோதனையை மட்டும் நம்பித் தண்டிப்பது மிகவும் ஆபத்தானது என்று அதே நீதிமன்றம் சொன்னது. செய்தித் தலைப்புகளுக்கு இந்த வித்தியாசம் இன்னும் போய்ச் சேரவில்லை.

டி.என்.ஏ. வந்த பிறகு இது எதற்கு என்று கேட்கலாம். டி.என்.ஏ. எடுத்தால் மட்டும் போதாது, ஒப்பிட அப்பாவோ அம்மாவோ பிள்ளையோ வேண்டும். எரிந்த எலும்பிலும் வெயிலிலும் நீரிலும் நாட்கணக்கில் கிடந்ததிலும் எப்போதும் நல்ல மாதிரி கிடைப்பதில்லை. மண்டையோட்டுச் சோதனை அதற்கு முன்னால் ஆட்களைக் கழிக்க உதவுகிறது, இந்த நாலு பேரில் மூன்று பேர் இல்லை என்று. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்த வழக்குகள் உண்டு. நாஜி டாக்டர் மெங்கலே, பிரேசிலில் 1979-ல் கடலில் மூழ்கிச் செத்து வேறொருவர் பெயரில் புதைக்கப்பட்டவர். 1985-ல் தோண்டி எடுத்ததும் ஜெர்மன் நிபுணர் ரிச்சர்ட் ஹெல்மர், சதையின் தடிமன் காட்டும் ஊசிகளை மண்டையோடு முழுக்கக் குத்தி, வீடியோவில் படத்தோடு பொருத்திக் காட்டினார். 1992-ல் டி.என்.ஏ. ஆமாம் என்றது. புரட்சியில் சுட்டுக் கொன்று குழியில் புதைத்த ரஷ்ய மன்னர் ஜார் குடும்பத்து எலும்புகளில் இப்படி முடியவில்லை. இரண்டு இளவரசிகளில் யார் எலும்பு குழியில் இல்லை என்ற கேள்விக்கு, படத்தோடு பொருத்திப் பார்த்த ரஷ்யர்கள் மரியா என்றார்கள், எலும்பு வளர்ச்சியைப் பார்த்த அமெரிக்கர்கள், அதே மேப்பிள்ஸ் குழு, அனஸ்தேசியா என்றார்கள். அக்கா தங்கை முகம், ஒரே வார்ப்பு. ‘பொருந்தியது’ என்பதற்கு அங்கே என்ன அர்த்தம்?

ஏட்டுக்கு அப்பா நெகட்டிவைக் கொடுத்தார், ஒரு துண்டுச் சீட்டில் எங்கெங்கே கத்தி பட்டது என்று தாடையைப் படமாக வரைந்து கோடு போட்டும் கொடுத்தார். கூடவே, டச்-அப் செய்வதற்கு முன் அதே நாளில் எடுத்து ஒதுக்கிய இன்னொரு நெகட்டிவ், கண் மூடியிருந்ததால் வேண்டாம் என்று விட்டது, அதையும் தேடி எடுத்துக் கொடுத்தார். “கண்ணு மூடியிருந்தா பரவால்லைல்ல சார், எலும்புக்கு?” என்று கேட்டார். இரண்டுமே திரும்பி வரவில்லை. பொருந்தியதா இல்லையா என்றும் யாரும் வந்து சொல்லவில்லை.

அதற்கப்புறம் கடையை மூடும்வரை, டச்-அப் செய்த ஒவ்வொரு நெகட்டிவ் உறையின் மூலையிலும் அப்பா பென்சிலால் ஒரு எழுத்துப் போட்டு வைத்தார். அம்மைத் தழும்புக்கு ‘அ’, கண்ணுக்கு ‘க’, தாடைக்கு ‘தா’. அந்த உறைகள் இன்னும் பரணில் இரண்டு பிஸ்கட் டின் நிறைய இருக்கின்றன. பாதிக்கு மேல் ‘தா’.